பட்ஜெட்டுக்குள்ள நெட்வொர்க் விரிவாக்கம், ஜெனெடிக் அல்காரிதம்ல ஒரு டவுட்டு

நெட்_நிலா:
ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுங்க. கேம்பஸ்ல 6 பில்டிங் ஏற்கனவே ஃபைபர்ல கனெக்ட் ஆகியிருக்கு, புதுசா 4 வருது, மொத்தம் 30 புது லிங்க் சாத்தியம், ஒவ்வொண்ணையும் போட்டா 1, போடலைன்னா 0னு வெச்சு ஜெனெடிக் அல்காரிதம் (பல பிளான கலந்து, மாத்தி, நல்லத தக்க வெச்சு விடை தேடுற முறை) ஓட்டுறேன், ஆனா பாதி குரோமோசோம் (ஒரு பிளானோட முழு 0-1 வரிசை) பட்ஜெட்ட தாண்டுது, மீதில ஏதாவது ஒரு பில்டிங் தனியா நிக்குது. இதையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?

ஈதர்_நண்பன்:
வேணாங்க, லேசா தாண்டினதுக்குள்ளதான் நல்ல லிங்க் நிறைய இருக்கும். எவ்வளவு தாண்டுதோ அதுக்கேத்த மாதிரி ஃபிட்னஸ்ல, அதாவது பிளானுக்குக் குடுக்குற மார்க்குல, பெனால்டி போடுங்க. தனியா நிக்கிற பில்டிங்க, க்ராஸ்ஓவர் (ரெண்டு பிளான கலந்து புதுசு பண்றது) முடிஞ்சதும் இருக்கிறதுலயே விலை கம்மியான லிங்க்கால சேர்த்துடுங்க, அப்புறம் மியூட்டேஷன் (அங்கங்க 0, 1அ தற்செயலா மாத்துறது) பாத்துக்கும்.

கணக்கு_மணி:
முதல்ல எண்ணிக்கைய பாருங்க. ஒரு லிங்க்குக்கு ஒரு பிட் (0 அல்லது 1), 30 பிட்டுன்னா சுமார் 107 கோடி சேர்க்கை, ஆனா உங்க பட்ஜெட்ல 6 லிங்க்குக்கு மேல போட முடியாதுன்னா வெறும் 7.7 லட்சம் கிட்டதான் வரும். அத்தனையையும் கம்ப்யூட்டர் நேரடியாவே அலசிடும்! அந்த சரியான விடைய கையில வெச்சுக்கிட்டு அல்காரிதம் அத எட்டுதான்னு செக் பண்ணுங்க, ப்ராஜெக்ட்டுக்கு அதுதான் பலம். 20, 30 பில்டிங்னு போறப்போதான் ஜெனெடிக் உண்மையா தேவைப்படும்.

ஃபைபர்_அண்ணன்:
தம்பி, ஒண்ணு மறந்துடாதீங்க, செலவுல பெரும்பங்கு பள்ளம் தோண்டுறதுக்குத்தான், கேபிளுக்கு இல்ல. ரெண்டு லிங்க் ஒரே பள்ளத்துல போனா தோண்டுற காசு ஒரு தடவதான், ஆனா ஜேசிபி ஒரு இழு இழுத்தா ரெண்டும் சேர்ந்தே போயிடும். லிங்க் லிங்க்கா தனித்தனியா விலை போட்டு கூட்டினா விலையும் தப்பு, ரிலையபிலிட்டியும் தப்பு. பள்ளத்தையும் ஒரு பிட்டா வெச்சுப் பாருங்க.

நெட்_நிலா:
ரொம்ப நன்றிண்ணா, எஸ்டேட் ஆபீஸ்ல பள்ளம் போன மேப் கேட்டு வாங்குறேன்.