இஸ்தான்புல்: அக்கரைக்கு ஒரு முழு நாள்

கவின்: இஸ்தான்புல் திட்டம் ரெடி. ஹாகியா சோபியா, டோப்காபி அரண்மனை, கிராண்ட் பஜார். ஆசியக் கரைக்குக் கடைசி நாள் சாயங்காலம் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம் என்றிருக்கிறோம்.

சித்தப்பா: சாயங்காலம் போதாதுப்பா, முழு நாள் ஒதுக்கு. காலையில் பழைய நகரப் பக்கம் எமினோனு படகுத்துறையில், ஆசியக் கரையில் இருக்கும் காடிக்கோய்க்குப் படகு ஏறு, 20 நிமிடம் சொச்சம்தான். இடது பக்கம் உட்கார், தண்ணீரை ஒட்டியே ஹைதர்பாஷா ரயில் நிலையம் தெரியும், 1906-ல் ஜெர்மன்காரர்கள் கட்டத் தொடங்கியது.

மலர் அக்கா: காடிக்கோயில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார்களே?

சித்தப்பா: நினைவுச்சின்னங்கள் குறைவுதான்மா. ஆனால் இஸ்தான்புல்லின் ஆதி ஊரான பைசான்டியத்தைவிடப் பழைய ஊர். அப்போது பெயர் கால்செடன், கிறிஸ்தவ உலகத்தைப் பிளந்த 451-ஆம் ஆண்டு ஆயர்கள் சபை கூடியது அங்கேதான். இப்போது இளைஞர்கள் பேட்டை. மீன் சந்தைக்குள் கட்டாயம் நுழையுங்கள், வட்டமான சிவப்புத் தட்டுகளில் செவுளை வெளியே இழுத்துவிட்டு மீனை அடுக்கியிருப்பார்கள், அன்று பிடித்ததா என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

பெரியம்மா: நைட்டிங்கேல் அம்மையார் விளக்கோடு சுற்றி வந்த ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தானே?

சித்தப்பா: ஆமாம் அண்ணி, உஸ்குதாரில், செலிமியே படைமுகாம். 1854-ல் வந்தார். இன்றும் ராணுவத்தின் கையில்தான் இருக்கிறது, முன்அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

சித்தப்பா: கவின், உஸ்குதார் காடிக்கோய்க்குப் பக்கம்தான், ஆனால் சுபாவமே வேறு, பக்தியும் நிதானமுமான ஊர். படகுத்துறை எதிரிலேயே ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமாவுக்காக, அரண்மனைக் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய மசூதி, 1548. அங்கிருந்து பக்கத்துப் பேட்டை குஸ்குன்ஜுக் போ, எனக்கு மனசு நின்ற இடம் அதுதான். ஆர்மேனியத் தேவாலயமும் மசூதியும் அடுத்தடுத்து, சில நிமிட நடையில் யூதர்களின் ஜெப ஆலயம், கிரேக்கத் தேவாலயம். 1955-ல் கிரேக்கர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்கு அப்புறம் அவர்களில் நிறையப் பேர் நகரத்தை விட்டே போய்விட்டார்கள், கட்டடங்கள் மட்டும் இருக்கின்றன. அது தெரிந்து நடந்தால்தான் அந்தத் தெரு புரியும்.

கவின்: அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏற்றம் அதிகமா?

சித்தப்பா: உள்தெருக்கள் மேடு. கீழே கடைத்தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கரையோரமாகவே பஸ் இருக்கிறது. சாயங்காலம் உஸ்குதாரின் கடற்கரைப் பகுதி சாலாஜாக் வந்துவிடுங்கள், சூரியன் எதிர்க்கரை மினார்களுக்குப் பின்னால் இறங்குவது இந்தக் கரையில் இருந்தால்தான் தெரியும். திரும்ப உஸ்குதாரில் மர்மராய் ரயில், கடலுக்கு அடியில், பழைய நகரப் பக்கம் இருக்கும் சிர்கெஜிக்கு ஒரே நிறுத்தம்.

கவின்: சரி சித்தப்பா, கிராண்ட் பஜாரை அரை நாளாகக் குறைத்துவிடுகிறேன்.

மலர் அக்கா: பாதியாக்கு, ரத்து பண்ணிவிடாதே, எனக்கு விளக்கு வாங்க வேண்டும்.