இணைப்பின் கடைசி எண்ணைத் தவறாக அடித்தேன், அடுத்தவரின் பரிசோதனை முடிவு திறந்துவிட்டது. நான் செய்தது குற்றமா?

நிலாமுற்றம்

அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்திருந்தோம். முடிவைப் பார்க்க ஆய்வகம் குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பை அனுப்பியது. தொட்டால் நேராக பி.டி.எஃப். திறக்கிறது. கடவுச்சொல் கிடையாது, ஓ.டி.பி. கிடையாது. அச்செடுக்க வேண்டியிருந்ததால் அதே முகவரியைக் கணினியில் கையால் அடித்தேன். 4 இருக்க வேண்டிய கடைசி இடத்தில் 5 விழுந்துவிட்டது. வந்தது யாரோ ஒரு பெண்மணியின் அறிக்கை. பெயர், வயது, கைப்பேசி எண், அனுப்பிய மருத்துவரின் பெயர், கீழே தைராய்டு அளவு, அதன் பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘அதிகம்’.

தவறு என்னுடையதா ஆய்வகத்துடையதா என்று விளங்காமல் 6 போட்டுப் பார்த்தேன். பிறகு 7. ஒன்று ஒரு சிறுவனுடையது, மற்றொன்று ஒரு முதியவருடையது. சான்றாக இருக்கட்டும் என்று மூன்றையும் சேமித்துவைத்தேன்.

ஆய்வகத்துக்குத் தொலைபேசினேன். “உங்கள் முடிவை உங்களைத் தவிர யாரும் பார்க்க முடியாது, மேடம்” என்றார் எடுத்தவர். இன்னொருவருடையது என் முன்னால் திறந்திருக்கிறது என்று சொன்னதும் குரல் மாறியது. “நீங்கள் எப்படி அதற்குள் போனீர்கள்? உங்கள் பெயரைச் சொல்லுங்கள்” என்றார். பயந்துபோய் வைத்துவிட்டேன்.

“திரைப்பிடிப்பு எடுத்து முகநூலில் போடு அக்கா, நாளைக்கே சரிசெய்வார்கள்” என்கிறான் தம்பி. போடலாமா? அதைவிட முக்கியமாக, நான் மாட்டிக்கொண்டேனா? எந்த நாடு என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஓட்டை இன்னும் திறந்திருக்கிறது, ஆய்வகத்தை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது.

உரத்தகுரல்

தம்பி சொல்வதுதான் சரி. கதவைத் திறந்துபோட்டது ஆய்வகம், கேள்வி கேட்கப்படுவது நீங்களா? போடுங்கள்.

பழையசாவி

சகோதரி, போடாதீர்கள். 8 என்ன என்று பார்க்கவும் வேண்டாம்.

5 கைதவறி விழுந்தது. 6-உம் 7-உம் அப்படியல்ல, தெரிந்தே அடித்தவை. உங்கள் நோக்கம் நல்லது என்று நான் நம்புகிறேன். ஆனால் ஆய்வகத்தின் சர்வர் பதிவேட்டில் நோக்கம் பதிவாகாது. ஒரே இடத்திலிருந்து வரிசையாக நான்கு எண்கள் கேட்கப்பட்டன என்றுதான் பதிவாகியிருக்கும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 31 அன்று, சுனாமி நிவாரணத்துக்கு நன்கொடை திரட்டிய பிரிட்டிஷ் தளம் ஒன்றில் டேனியல் கத்பர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு ஆலோசகர் 30 பவுண்டு செலுத்தினார். நன்றிப் பக்கம் வரவில்லை. போலித் தளத்தில் பணத்தைப் போட்டுவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு, முகவரியின் கடைசியில் சில புள்ளிகளையும் சாய்கோடுகளையும் சேர்த்து அடித்துப் பார்த்தார். அவ்வளவுதான். எச்சரிக்கை மணி அடித்து, போலீஸ் வந்து, 1990ஆம் ஆண்டின் கணினி முறைகேட்டுச் சட்டப்படி 2005-இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 400 பவுண்டு அபராதம், 600 பவுண்டு வழக்குச் செலவு. நீதிபதியே வருத்தத்தோடுதான் அந்தத் தீர்ப்பைச் சொன்னார். அனுமதியின்றி நுழைவதே குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்வதால், திருடும் எண்ணம் இல்லை என்ற வாதம் எடுபடவில்லை.

உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நடந்தது. அரசுத் தளத்தில் முகவரியின் கடைசி எண்ணை மாற்றி மாற்றிச் சுமார் 7,000 ஆவணங்களை இறக்கிக்கொண்ட 19 வயது இளைஞர் ஒருவர் 2018 ஏப்ரலில் கைதானார். எல்லாம் பொது ஆவணங்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். சிலவற்றில் தனிநபர் விவரங்கள் இருந்தன. மே மாதம் வழக்கைக் கைவிட்டார்கள். ஆனால் அதற்குள் போலீஸ் வீட்டைச் சோதனையிட்டுப் போய்விட்டது.

உரத்தகுரல்

பூட்டே இல்லாத வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததற்குத் தண்டனையா? கடவுச்சொல்லை உடைத்தாரா, திருடினாரா? இணையத்தில் வைத்திருப்பது எல்லோரும் பார்க்கத்தானே?

வழக்கேடு

இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. நீதிமன்றங்களே இன்னும் இதில்தான் முட்டிக்கொண்டிருக்கின்றன. பல நாடுகளின் கணினிச் சட்டம் ‘பூட்டு இருந்ததா’ என்று கேட்பதில்லை, ‘அனுமதி இருந்ததா’ என்று கேட்கிறது. அனுமதி என்பது என்ன என்பதில்தான் சண்டை.

அமெரிக்காவில் 2010-இல் ஐபேட் வைத்திருந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகள், ஏறக்குறைய 1,14,000, இதே வித்தையில்தான் வெளியே வந்தன. முகவரியில் எண்ணை மாற்று, அடுத்தவர் வருவார். அதில் பங்குகொண்ட ஆண்ட்ரூ அவர்ன்ஹைமர் என்பவருக்கு 41 மாதச் சிறை கிடைத்தது. (நல்ல மனிதர் என்று அவரைப் பரிந்துரைக்க மாட்டேன்.) 2014-இல் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. ஆனால் வழக்கைத் தவறான மாநிலத்தில் நடத்தினார்கள் என்பதுதான் காரணம், எண்ணை மாற்றுவது குற்றமா என்ற கேள்வி தீராமலே போயிற்று. 2021-இல் வான் ப்யூரன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்நாட்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் கையைக் கொஞ்சம் கட்டிப்போட்டது. நல்லெண்ணத்தோடு பாதுகாப்புக் குறைகளை ஆராய்பவர்கள்மீது வழக்குப் போடுவதில்லை என்று, அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் அமெரிக்க நீதி அமைச்சகம் 2022-இல் கொள்கையே வகுத்தது.

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இரண்டு படி உண்டு. உரிமையாளரின் அனுமதியில்லாமல் பார்ப்பதும் படியெடுப்பதும் 43ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கு உரியவை. அதையே நேர்மையற்ற முறையிலோ மோசடி எண்ணத்தோடோ செய்தால் 66ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. எண்ணம் முக்கியம் என்கிறது இந்தச் சட்டம், ஆனால் எண்ணத்தை உங்கள் நடத்தையிலிருந்துதான் பார்ப்பார்கள். இனி நீங்கள் செய்யப்போவதுதான் ஏற்கனவே செய்ததற்கு விளக்கம்.

அதனால்தான் முகநூல் வேண்டாம் என்கிறேன். பிறருடைய உடல்நலத் தகவலை ஊரறிய வைத்தால், தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வகத்தோடு நிற்காமல் உங்கள் பக்கமும் திரும்பும். ஸ்வீடனில் தேவாலயத் தொண்டரான போடில் லிண்ட்க்விஸ்ட் தம்முடைய சொந்த இணையப் பக்கத்தில் சக ஊழியர் ஒருவர் காலில் அடிபட்டுப் பாதி நேர மருத்துவ விடுப்பில் இருக்கிறார் என்று எழுதினார். வேடிக்கையாக எழுதியது. அதுவும் உடல்நலத் தரவுதான், இணையத்தில் எல்லோரும் பார்க்கப் போட்டுவிட்டு வீட்டு விஷயம் என்று சொல்ல முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003-இல் கூறிவிட்டது. அடிபட்ட காலுக்கே அப்படி.

சர்வர்அறை

நான் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இதுபோன்ற ஒரு நிறுவனத்தில் கணினிப் பிரிவில் இருந்தபோது எங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை. ‘உங்கள் அமைப்பில் பெரும் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறேன், விவரம் வேண்டுமென்றால் வெகுமதி பற்றிப் பேசுவோம்’ என்று இருந்தது. பாவம், ஒரு கல்லூரி மாணவர் எழுதியது. எங்கள் மேலாளர் அதைப் படித்துவிட்டு முதலில் அழைத்தது வழக்கறிஞரை. ஓட்டையை அடைக்க எங்களுக்கு அரைமணி நேரம்தான் ஆயிற்று. அந்த மாணவர் மிரட்டுகிறாரா இல்லையா என்று தீர்மானிக்க மூன்று வாரம்.

ஆகவே எழுத்தில் எழுதுங்கள், சுருக்கமாக எழுதுங்கள். வரவேற்பு மேசைக்குப் பேசாதீர்கள், அங்கே இருப்பவருக்கு இது எதுவும் புரியாது, பயம்தான் வரும். தளத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் தரவுப் பாதுகாப்பு அலுவலர் அல்லது குறைதீர்ப்பாளரின் முகவரி இருக்கும். சில நிறுவனங்கள் இதற்கென்றே ‘செக்யூரிட்டி டாட் டி.எக்ஸ்.டி.’ என்ற சிறு கோப்பைத் தளத்தில் வைத்திருக்கும். யாரும் பதில் தராவிட்டால் அந்தந்த நாட்டின் கணினி அவசரநிலைக் குழு இருக்கிறது, இந்தியாவில் செர்ட்-இன். பிறர் கண்டுபிடித்த குறைகளை வாங்கி நிறுவனத்திடம் சேர்ப்பதும் அவர்களுடைய வேலைதான்.

சேமித்த மூன்று கோப்புகளையும் இன்றே அழித்துவிடுங்கள்.

வழக்கேடு

கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன். சொல்லாமல் அழித்தால் மறைத்ததுபோல் ஆகும், சர்வர் பதிவேடு எப்படியும் அவர்களிடம் இருக்கிறது. ‘மூன்று கோப்புகள் என்னிடம் உள்ளன, யாருக்கும் அனுப்பவில்லை, நீங்கள் சொன்னதும் நீக்கிவிடுகிறேன்’ என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் நீக்கிவிட்டு, நீக்கிய தேதியையும் நேரத்தையும் இன்னொரு கடிதத்தில் சொல்லிவிடுங்கள். தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

நிலாமுற்றம்

அனுப்பவில்லை, நல்லவேளை. கடிதத்தை இப்படி எழுதியிருக்கிறேன்:

‘உங்கள் தளத்தின் பாதுகாப்பைச் சோதித்ததில், அறிக்கை எண்ணை மாற்றினால் பிற நோயாளிகளின் அறிக்கைகள் திறக்கின்றன என்று கண்டறிந்தேன். ஏழு நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் ஊடகங்களுக்குத் தெரிவிப்பேன்.’

இன்னொன்று. அந்தப் பெண்மணியின் எண் என்னிடம் இருக்கிறது. தைராய்டு அளவு அவ்வளவு அதிகம், அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாளாக மனது அடித்துக்கொள்கிறது.

வழக்கேடு

‘சோதித்ததில்’ என்பதை எடுத்துவிடுங்கள். சோதிக்க உங்களை யாரும் அமர்த்தவில்லை. நடந்தது நடந்தபடி: இன்ன தேதி, இன்ன நேரம், எண்ணைத் தவறாக அடித்தேன், பிறருடைய அறிக்கை வந்தது, தற்செயலா என்று அறிய மேலும் இரண்டு எண்கள் போட்டேன், அதோடு நிறுத்திவிட்டேன். அந்த நோயாளிகளின் பெயர்களைக் கடிதத்தில் எழுதாதீர்கள், அறிக்கை எண்களே போதும். ஊடக வரியை முழுதாக வெட்டுங்கள். சர்வர்அறை சொன்ன மூன்று வாரம் அப்படிப்பட்ட வரியால்தான் வந்தது.

அந்தப் பெண்மணியைக் கூப்பிட வேண்டாம். உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் முகம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் ‘உங்கள் தைராய்டு அதிகம்’ என்று சொன்னால் அவர் நிலையை எண்ணிப் பாருங்கள். அளவு சரியா தவறா என்று அவருடைய மருத்துவர் பார்ப்பார். அறிக்கை வெளியே தெரிந்துபோனதை அவருக்குச் சொல்ல வேண்டியது ஆய்வகம். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர்.படி 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்கும், ஆபத்து பெரிதென்றால் தாமதமின்றிச் சம்பந்தப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்லச் சொல்கிறது.

உங்கள் அப்பாவை எல்லோரும் மறந்துவிட்டோம். 5-ஐ நீங்கள் பார்த்தீர்கள் என்றால் 4-ஐ யாரோ பார்த்திருக்கலாம். தம்முடைய அறிக்கையை யார் யார் திறந்தார்கள் என்று கேட்டு அப்பா தனியாக ஒரு கடிதம் எழுதட்டும். உரிமை அவருடையது, அவர்தான் கையெழுத்திட வேண்டும்.

நிலாமுற்றம் (ஒன்பதாம் நாள்)

இரண்டு கடிதங்களும் போயின. அப்பா, “என் சர்க்கரை அளவு ஊருக்கே தெரியும், இதற்கு ஒரு கடிதமா” என்று சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். ஆறாம் நாள் பழைய இணைப்பு வேலை செய்யவில்லை. மறுநாள் ஒரு மின்னஞ்சல்: கோப்புகளை நீக்கிவிட்டதை எழுத்தில் உறுதிசெய்யவும். நன்றி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நீக்கினேன், உறுதிசெய்தேன். அப்பாவின் கடிதத்துக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மட்டும் வந்திருக்கிறது.

இப்போது இணைப்பைத் தொட்டால் கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்கிறது.

சர்வர்அறை

நான்கு இலக்கம் என்றால் மொத்தமே பத்தாயிரம் வாய்ப்புதான். எத்தனை முறை தவறாக அடித்தால் பூட்டிக்கொள்ளும்?

நிலாமுற்றம்

அதைக் கேட்டு அவர்களுக்கே எழுதியிருக்கிறேன். அடித்துப் பார்க்கவில்லை.