முதல் சப்ளையர் தணிக்கை: புதுப்பிப்பு

சப்ளையர் ஒருவரின் தரத் தணிக்கைக்கு முதன்முறையாகப் போகிறேன், 90 கேள்விகள் கொண்ட பட்டியல் போதுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். தணிக்கை நேற்று முடிந்தது. பட்டியலைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பாதிக் கேள்விகளை நீக்கிவிட்டு, நாங்கள் நிராகரித்த ஒரு லாட்டின் (ஒன்றாகத் தயாரான சரக்குத் தொகுதி) எண்ணைக் குறித்துக்கொண்டு போனேன். அனுப்புகைப் பதிவில் தொடங்கி, இறுதிப் பரிசோதனை, கடைசல், மூலப்பொருள் சான்றிதழ் என்று பின்னோக்கியே நடந்தோம். கடைசல் இயந்திரத்தின் அருகே கிடந்த மைக்ரோமீட்டரில் (நுண்ணிய அளவெடுக்கும் கருவி), அது சரியாக அளக்கிறதா என்று சோதித்ததைக் காட்டும் அளவுத்திருத்த ஸ்டிக்கர் காலாவதியாகி 3 மாதம் ஆகியிருந்தது. அலுவலகக் கோப்பிலோ எல்லாம் சரி! கருவியின் எண்ணையும் தேதியையும் அங்கேயே எழுதி, உடன் வந்தவரிடம் காட்டிவிட்டேன். தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலையில், அளவிடும் கருவிகள் பற்றிய 7.1.5 பிரிவின்கீழ் அதைப் பதிந்தபோது நிறைவுக் கூட்டத்தில் வாக்குவாதமே எழவில்லை.

இயந்திரத்தை இயக்குபவரிடம் கட்டாயம் பேசுங்கள். அளவு தவறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அப்படித் தவறியவற்றைப் போடும் சிவப்புப் பெட்டியைக் காட்டினார். உள்ளே 4 உருப்படிகள். ஒன்றுக்கும் பதிவு இல்லை.

திருத்த நடவடிக்கைக்கு 30 நாள் தந்திருக்கிறோம். மூலகாரணம் என்ற இடத்தில் "ஊழியரின் கவனக்குறைவு" என்று மட்டும் எழுதி அனுப்பினால் ஏற்கமாட்டேன்.