ஒலி அலைவில் தெளிப்பு துடிக்கிறது, சராசரித் துளி விட்டம் மட்டும் மாறவில்லை: காரணம் என்ன?

கேள்வி
வணக்கம். விமான எஞ்சின் எரியறைக்கான ஏர்பிளாஸ்ட் வகைத் தெளிப்பான் (வேகக் காற்றால் எரிபொருளைத் துளிகளாக உடைப்பது) ஒன்றை, சுடர் இல்லாமல், வளிமண்டல அழுத்தத்தில் மண்ணெண்ணெய் கொண்டு சோதித்து வருகிறேன். காற்று நுழையும் பக்கத்தில் உள்ள ஒலிபெருக்கி 300 ஹெர்ட்ஸில் அலைவை ஊட்டுகிறது. தெளிப்பு ஒவ்வொரு சுழற்சியிலும் அடர்ந்தும் கலைந்தும் துடிப்பது அதிவேகக் கேமராவில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் லேசர் ஒளியால் துளிகளின் விட்டத்தையும் வேகத்தையும் அளக்கும் ஃபேஸ் டாப்ளர் கருவி தரும் சாட்டர் சராசரி விட்டம், ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ஒருவேளை எரிபொருள் குழாயில் எழும் துடிப்பைத்தான் கேமரா காட்டுகிறதா?

மறுமொழி 1
சாட்டர் விட்டம் என்பது அளந்த துளிகள் அனைத்தின் விட்டக் கனங்களின் கூட்டுத்தொகையை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறுவது. எந்தத் துளி எப்போது கடந்தது என்ற செய்தி அதில் இல்லை. காற்று வேகம் ஏறும்போது துளிகள் நுண்மையாகவும் இறங்கும்போது பருமனாகவும் பிறந்தால், பல சுழற்சிகளின் சராசரியில் இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துவிடும். ஒலிபெருக்கிக்குச் செல்லும் மின்குறிப்பை ஃபேஸ் டாப்ளர் கருவியிலும் பதிவுசெய்து, ஒவ்வொரு துளியையும் அது கடந்த அலைக் கட்டத்தின்படி (சுழற்சியின் எந்த நிலையில் கடந்தது என்பதன்படி) பிரித்த பிறகு விட்டத்தைக் கணக்கிடுங்கள்.

மறுமொழி 2
எரிபொருள் குழாயின் மீது எனக்கு அவ்வளவு சந்தேகம் இல்லை. ஒலியழுத்தத்தின் வீச்சு 500 பாஸ்கல் என்றும், எரிபொருள் 2 பார் அழுத்த வேறுபாட்டில் செல்கிறது என்றும் கொண்டால், ஓட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைத் தொடர்வதால், மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. காற்றுப் பக்கத்தில், காற்றைச் சுழலச் செய்யும் சுழற்றியைக் கடக்கும் அழுத்த இழப்பு 3 கிலோபாஸ்கல் என்றால், காற்றின் நிலைமத்தை ஒதுக்கிப் பார்க்கையில் அதே ஒலி வேகத்தை 8 சதவீதம் ஆட்டிவிடும். மேலும், தெளிப்பானின் உதட்டில் படலமாகத் தேங்கும் எரிபொருள், காற்று வேகம் உயரும் கட்டத்தில் மொத்தமாகக் கழன்று செல்லக்கூடும். அப்படியானால் குழாயில் ஓட்டம் சீராக இருந்தும் தெளிப்பு துடிக்கும். உங்கள் அமைப்பில் எரிபொருள் வரும் அழுத்தம் மிகக் குறைவு என்றால் மட்டும் குழாயில் ஓர் அழுத்த உணரியை வைத்துப் பாருங்கள்.

தெளிப்பான், நிலை அலையின் (எதிரொலிப்பால் ஓரிடத்திலேயே நின்று அலையும் ஒலி) எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் உறுதிசெய்யுங்கள். அறை வெப்பத்தில் 300 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 1.14 மீட்டர். ஆகவே அழுத்த எதிர்க்கணுவுக்கும் (அழுத்தம் மிக அதிகமாக அலையும் இடம்) வேக எதிர்க்கணுவுக்கும் (காற்று வேகம் மிக அதிகமாக அலையும் இடம்) இடையே ஏறத்தாழ 29 சென்டிமீட்டர்தான். ஒரே மைக்ரோஃபோனை நம்பி இதைத் தீர்மானிக்க முடியாது.

கேட்டவர்
கட்டம் பிரித்துப் பார்த்ததில் விட்டம் சுழற்சிக்குள் மாறுவது தெரிந்தது, நன்றி. ஆனால் தெளிப்பானிலிருந்து 20 மில்லிமீட்டரில் துளிகள் மிக அடர்ந்திருக்கும் கட்டமும், 70 மில்லிமீட்டரில் அடர்ந்திருக்கும் கட்டமும் நேர் எதிராக உள்ளன. அளவீட்டில் பிழையா?

மறுமொழி 2
பிழையாகத் தோன்றவில்லை. துளிக் கொத்துகள் ஒலியின் வேகத்தில் அல்ல, தம் சொந்த வேகத்தில்தான் நகர்கின்றன. துளிகள் வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் சென்றால், அடுத்தடுத்த கொத்துகளுக்கு இடையே 100 மில்லிமீட்டர் இருக்கும். 50 மில்லிமீட்டர் தள்ளிப்போனால் அரைச் சுழற்சி பிந்தும். நீங்கள் அளந்த துளி வேகம் இதற்கு அருகில் இருந்தால் கணக்கு நேராகிவிடும்.

துளிகளை அளவு வாரியாகவும் பிரித்துவிடுங்கள். ஸ்டோக்ஸ் இழுவிசை (காற்றின் பாகுநிலையால் சிறு துளிமீது எழும் இழுப்பு) பொருந்தும் என்று கொண்டால், அறை வெப்பக் காற்றில் 10 மைக்ரோமீட்டர் மண்ணெண்ணெய்த் துளியின் தளர்வு நேரம் (காற்றின் வேக மாற்றத்துக்குத் துளி இணங்க எடுக்கும் காலம்) சுமார் 0.25 மில்லிவினாடி, அது காற்றின் அலைவு வீச்சில் பத்தில் ஒன்பது பங்கைப் பின்பற்றும். 50 மைக்ரோமீட்டர் துளிக்கு அது சுமார் 6 மில்லிவினாடி. பத்தில் ஒரு பங்கைக்கூட அது தொடராது. இரண்டையும் ஒரே சராசரியில் கலந்தால் வேக வரைபடம் எதையும் சொல்லாது.

மறுமொழி 1
சுடரை ஏற்றும்போது இந்தப் பிந்துதலே முக்கியமாகும். 1878இல் இயற்பியலாளர் ராலே கூறியபடி, அழுத்தம் உயர்ந்த வேளையில் வெப்பம் சேர்ந்தால் அலைவு வளரும். எதிர்க்கட்டத்தில் சேர்ந்தால் தணியும். தெளிப்பானிலிருந்து சுடர்வரை கொத்து எடுக்கும் நேரத்தோடு ஆவியாகும் நேரத்தையும் கூட்டியே எந்தக் கட்டத்தில் வெப்பம் வெளிப்படும் என்று மதிப்பிட வேண்டும். இப்போதைய துளி அளவுகளை எஞ்சின் நிலைக்கு அப்படியே எடுத்துச்செல்லாதீர்கள்: 800 கெல்வினில் காற்றின் பாகுநிலை ஏறத்தாழ இருமடங்காகும், அதனால் அதே துளியின் தளர்வு நேரம் பாதியாகிவிடும்.