ஜேம்ஸ் இன்மன்: ஹாவர்சைன் அவருடைய கண்டுபிடிப்புதானா? கையால் போடுவது எப்படி?

வடமீன் கேட்டது:

வரைபடச் செயலிக்கு நிரல் எழுதுகிற எல்லோரும், பூமியில் இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தைத் தரும் ஹாவர்சைன் சூத்திரத்தைத் தொட்டிருப்போம். அதை உண்டாக்கியவர் ஜேம்ஸ் இன்மன் என்ற ஆங்கிலேயக் கடற்படைக் கணித ஆசிரியர் என்று பல இடங்களில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மூன்று சந்தேகங்கள். பாதிரியார் பட்டம் வாங்கிய ஒருவர் கடற்படைக்கு எப்படி வந்தார்? ஹாவர்சைன் உண்மையிலேயே அவர் கண்டதா? கால்குலேட்டர் இல்லாத காலத்தில் அட்டவணையை வைத்து இதை எப்படிப் போட்டார்கள்? எண்களோடு ஒரு கணக்கு செய்து காட்டினால் நல்லது.

பாய்மரம்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 1776-ல் யார்க்ஷயரின் செட்பர் பக்கம் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து 1800-ல் சீனியர் ராங்லர், அதாவது அந்த ஆண்டின் கணிதத் தேர்வில் முதலிடம். பிறகு சிரியாவுக்கு மதப் பணிக்குக் கிளம்பினார். போர்ச் சூழலால் மால்டாவைத் தாண்ட முடியவில்லை. அங்கே அரபு படித்துவிட்டுத் திரும்பினார்.

பிரிட்டனின் தீர்க்கரேகை வாரியம் அவரை, ஆஸ்திரேலியக் கடற்கரையை அளந்துகொண்டிருந்த மாத்யூ ஃபிளிண்டர்ஸின் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலுக்கு வானியலாளராக அனுப்பியது. 1803 ஜூனில் சிட்னித் துறைமுகத்தில் அவர் போய்ச் சேரும்போது கப்பலின் மரம் உளுத்துப்போயிருந்தது. அடுத்த மாதமே கடலுக்கு லாயக்கில்லை என்று கழித்துவிட்டார்கள். சீனா வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களோடு ஊர் திரும்பும்போது, 1804 பிப்ரவரியில் புலாவ் அவுர் தீவருகே லினுவாவின் பிரெஞ்சுப் படை குறுக்கே வந்தது. அந்த மோதலில் ஈட்டி ஏந்திய லஸ்கார் (ஆசிய) மாலுமிகள் குழு ஒன்று இன்மன் பொறுப்பில் இருந்தது. ஃபிளிண்டர்ஸ் வேறு கப்பலில் வந்து மொரீஷியஸில் மாட்டி 1810 வரை பிரெஞ்சுக் காவலில் கிடந்தார் என்பதை நினைத்தால், இன்மனுக்கு அதிர்ஷ்டம்தான்.

குருப்பட்டம் இதற்குப் பிறகு, 1805-ல். ஆக, கடல் முதலில், பட்டம் பிறகு. போர்ட்ஸ்மத் கடற்படை அகாடமி ராயல் நேவல் கல்லூரியாக மாறியபோது 1808-ல் கணிதப் பேராசிரியரானார். ஓய்வு பெற்றது 1839-ல், இறந்தது 1859-ல் சவுத்சீயில்.

மடக்கைப்பித்தன்:

கணக்குக்கு வருவோம். ஹாவர்சைன் என்பது (1 − கோசைன்) ÷ 2. அதுவே பாதிக் கோணத்தின் சைன் வர்க்கமும்கூட. இதில் என்ன லாபம்? மாலுமி பெருக்கலை மடக்கையால் (லாகரிதம்) கூட்டலாக மாற்றித்தான் போடுவார். குறை எண்ணுக்கு மடக்கை கிடையாது. சாதாரண கோசைன் விதியில் கோணம் 90 பாகையைத் தாண்டினாலோ, ஊர்கள் பூமத்தியரேகைக்கு இரு பக்கம் இருந்தாலோ உறுப்புகளின் குறி மாறும். ஒவ்வொரு நிலைக்கும் தனி விதி மனப்பாடம் செய்ய வேண்டும்; இரவுக் காவலில் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்து போடுகிறவர் அங்கேதான் சறுக்குவார். ஹாவர்சைன் எப்போதும் 0-க்கும் 1-க்கும் இடையில். குறி பற்றிய கவலையே இல்லை.

இன்னொன்று, சிறிய கோணம். 10 கலைக்கு (ஒரு பாகையில் 60 கலை) ஐந்து இலக்க அட்டவணையில் கோசைன் 1.00000 என்றே இருக்கும், தூரம் காணாமல் போய்விடும். அதே கோணத்துக்கு ஹாவர்சைன் மடக்கை 4.32539. ஓர் இலக்கமும் வீணாகாது.

விதி: ஹாவ்(தூரம்) = ஹாவ்(அட்ச வேறுபாடு) + கோசைன்(அட்சம் 1) × கோசைன்(அட்சம் 2) × ஹாவ்(தீர்க்க வேறுபாடு). ஹாவ் என்பது ஹாவர்சைன்; அட்சம், தீர்க்கம் என்பவை அட்சரேகை, தீர்க்கரேகை; தூரம் இங்கே கோணமாக வரும்.

உதாரணத்துக்கு மால்டாவிலிருந்து போர்ட்ஸ்மத் தூரம். மால்டா 35°54′ வ, 14°31′ கி. போர்ட்ஸ்மத் 50°48′ வ, 1°06′ மே. அட்ச வேறுபாடு 14°54′. தீர்க்கரேகைகள் ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் கூட்ட வேண்டும்: 15°37′.

கோசைன் 35°54′ மடக்கை 9.90851
கோசைன் 50°48′ மடக்கை 9.80074
ஹாவ் 15°37′ மடக்கை 8.26618
கூட்டினால் 27.97543

பின்னத்தின் மடக்கை குறையாக வருமென்று அட்டவணையில் ஒவ்வொன்றிலும் 10 கூட்டி அச்சிட்டிருப்பார்கள். மூன்றிலும் கூடிய 30-இல் ஒரு 10-ஐ மட்டும் வைத்துக்கொண்டு 20-ஐத் தள்ளினால் 7.97543. அதற்குரிய இயல் ஹாவர்சைன், அதாவது மடக்கை எடுக்காத நேர் மதிப்பு, 0.00945. ஹாவ் 14°54′ இயல் மதிப்பு 0.01681. கூட்டல் 0.02626. அட்டவணையில் திருப்பிப் பார்த்தால் 18°39′. கலையாக்கினால் 1,119; ஒரு கலை ஒரு கடல் மைல் என்பதால் அதுவே கடல் மைல். (தரைமேல் போகும் பெருவட்டத் தூரம், அதாவது உருண்டைமேல் மிகக் குறுகிய வழி இது. கப்பல் ஜிப்ரால்டரைச் சுற்றித்தான் ஆக வேண்டும்.)

வழக்கமான தப்பு, கடைசிக் கூட்டலை மடக்கையிலேயே செய்துவிடுவது. பெருக்கலுக்கு மட்டும்தான் மடக்கை. பிந்தைய அட்டவணைகளில் மடக்கை, இயல் மதிப்பு இரண்டையும் பக்கத்துப் பக்கத்திலேயே தருவதால் கண் எளிதில் தாவும். ஊர்கள் எதிரெதிர் அரைக்கோளத்தில் இருந்தால் அட்சங்களைக் கூட்டுங்கள்: போர்ட்ஸ்மத், சிட்னி (33°52′ தெ) என்றால் 84°40′. தீர்க்க வேறுபாடு 180°-ஐ மிஞ்சினால் 360°-இலிருந்து கழியுங்கள்.

பாய்மரம்:

இரண்டாம் கேள்வி விட்டுப்போயிற்று. சார்பும் அட்டவணையும் அவருக்கு முன்பே உண்டு. ஸ்பானியக் கடற்படையின் மெந்தோசா இ ரியோஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதைக் கையாண்டார். ஜேம்ஸ் ஆண்ட்ரூ 1805-ல் அட்டவணை வெளியிட்டார். இன்மன் கொடுத்தது பெயர். 1821-ல் பிரிட்டிஷ் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கடல்வழிக் கணக்கு நூலின் 1835 பதிப்பில் அந்தச் சொல் வருகிறது. அட்டவணைத் தொகுதியும் நூலும் கடற்படையில் பல பத்தாண்டுகள் புழங்கியதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய வேலை இதுவல்ல. அவர் யோசனைப்படி தொடங்கிய கப்பல் கட்டுமானப் பள்ளிதான். கண்ணளவில் கப்பல் கட்டிய தச்சர் மரபுக்குள் மிதப்பு, நிலைப்புக் கணக்கைக் கொண்டுவந்தது அது. பாடநூல் போதாமல், ஸ்வீடனின் சாப்மன் 1775-ல் எழுதிய கப்பல் கட்டுமான நூலை 1820-ல் ஆங்கிலத்தில் விளக்கங்களோடு கொண்டுவந்தார். பள்ளியை 1832-ல் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே படித்த ஐசக் வாட்ஸ்தான் 1860-ல் நீரில் இறங்கிய 'வாரியர்' இரும்புப் போர்க்கப்பலை வடிவமைத்தார்.

வடமீன்:

இருவருக்கும் நன்றி. நிரலில் பூமியின் எதிரெதிர் முனைகளைக் கொடுத்தால் சில நேரம் விடையே வருவதில்லையே, அது ஏன்?

மடக்கைப்பித்தன்:

அங்கே ஹாவர்சைன் 1-ஐ நெருங்குகிறது. கடைசி இலக்கப் பிழையில் 1-ஐ ஒரு துளி மீறினாலும் நேர்மாறு சைன் கைவிரித்துவிடும். வர்க்கமூலம் எடுக்குமுன் மதிப்பை 1-க்கு மேல் போகாதபடி வெட்டிவிடுங்கள். வெட்டினாலும் அந்த இடத்தில் துல்லியம் குறைவுதான். 180°-க்கு அருகே ஹாவர்சைன் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்தால் பூமியை உருண்டையாகக் கொள்கிறீர்கள், அதில் அரை சதவீதம் வரை பிசகலாம். பாகையை ரேடியனாக மாற்றினீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.