வூகொமர்ஸை விற்பனை இல்லாத பொருட்பட்டியலாக மாற்றலாமா?

குளக்கட்டு கேட்டது:

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் வாசிகசாலையின் பின்னறையில் ஊர்ப் பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். கலப்பை, நுகம், தண்ணீர் இறைத்த பனையோலைப் பட்டை, கொத்து, மரைக்கால், சுளகு, கடகம், நீற்றுப்பெட்டி, கொட்டப்பெட்டி, காம்புச்சத்தகம், உறி என்று எண்ணிக்கை இருநூறைத் தாண்டும். 2009இல் இந்தப் பக்கத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்தபோது வளவு மூலையிலும் கிணற்றடியிலும் கிடந்து எடுத்தவைதான் இவற்றில் அதிகம். ஒன்றிரண்டு முகாம் வரைக்கும் போய் வந்தவை. எதுவும் வாசிகசாலைக்குச் சொந்தமில்லை. வீட்டுக்காரர் இரவலாகத் தந்தவை, கேட்டால் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும்.

இவற்றை இணையத்தில் தேடிப் பார்க்கக்கூடிய பட்டியலாக்க வேண்டும். ‘பனையோலை’ என்று தேடினால் ஓலையால் செய்த எல்லாம் வரவேண்டும். ‘சூடு மிதிப்பு’ என்றால் களத்துச் சாமான் வரவேண்டும். கற்சிலைமடு, முத்தையன்கட்டு, முள்ளியவளை என்று ஊர் வாரியாகவும் பிரிக்கவேண்டும். பள்ளிப் பிள்ளைகள் போனில்தான் பார்ப்பார்கள், டேட்டாவும் இங்கே மெதுவு.

உடுப்புக்கடை ஒன்றுக்கு இணையத்தளம் செய்து பழகிய எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி, இணையத்தளம் கட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், கடை நடத்தும் வசதி தரும் வூகொமர்ஸைப் போட்டுத் தந்திருக்கிறாள். படம், வகை, பக்கத்தில் வடிகட்டி எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ‘கூடையில் சேர்’ என்ற பொத்தான் நிற்கிறது. அதைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொட்டப்பெட்டிக்கு விலை கேட்டு வாசிகசாலைக்குப் போன் எடுத்துவிட்டார். அதைத் தந்த அம்மா “நான் விக்கவோ குடுத்தனான்?” என்று கேட்டபோது எனக்குச் சரியான கவலையாகிவிட்டது. அவருடைய தாயாரின் பெட்டி அது.

பொத்தானை மறைத்தால் போதாது, விற்பனை என்ற எண்ணமே அந்தத் தளத்தில் இருக்கக்கூடாது. இந்த மென்பொருளை வைத்தே அப்படிச் செய்யலாமா, அல்லது வேறு ஏதாவதுக்கு மாறவேண்டுமா?

---

வவுனியாவெப்:

வணக்கம் ரீச்சர். தாராளமாகச் செய்யலாம். கடை மென்பொருளில் பாதி பட்டியல், பாதி பணம். பணப் பாதியைக் கழற்றிவிட்டால் சரி.

முதலாவது விலை. பிள்ளை அந்தப் பெட்டியில் 0 என்று போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். வூகொமர்ஸுக்குச் சுழியமும் ஒரு விலைதான், பொருள் இலவசம், எடுக்கலாம் என்று அது விளங்கிக்கொள்ளும். விலைப் பெட்டியை வெறுமையாக விடுங்கள். வெறுமையாக இருந்தால் அந்தப் பொருளை வாங்கமுடியாததாக எடுத்துக்கொண்டு, பட்டியல் பக்கத்தில் ‘கூடையில் சேர்’ இருந்த இடத்தில் ‘மேலும் வாசிக்க’ என்று காட்டும். கூகிள் போன்ற தேடுபொறிகளுக்கென்று பக்கத்துக்குள் போகும் தரவிலும் விலைப் பகுதி எழுதப்படாது. நீங்கள் கேட்ட ‘எண்ணமே இருக்கக்கூடாது’ என்பதற்கு இதுதான் அடிப்படை. பிறகு யாராவது தவறி விலை போட்டாலும் வேலை செய்யாதபடி, ‘வாங்கக்கூடியதா’ என்ற சோதனைக்கு எப்போதும் ‘இல்லை’ என்று பதில் தரும் ஒரு வரியைச் சேர்க்கலாம். அதைப் பிள்ளைக்குத் தனிமடலில் அனுப்புகிறேன். கூடை, பணம் செலுத்தல் பக்கங்களை மெனுவிலிருந்து எடுத்து வரைவாக மாற்றிவிடுங்கள். ‘கடை’ என்ற பக்கத்தின் பெயரைப் ‘பொருள்கள்’ ஆக்குங்கள். மிச்சமிருக்கும் வியாபாரச் சொற்களை லோகோ டிரான்ஸ்லேட் என்ற பிளகினால், அதாவது வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருளால், மாற்றலாம். கடைக்காரர் இருப்புக் குறியீடு போடும் பெட்டி, உங்களுக்குப் பதிவிலக்கப் பெட்டி.

இனித் தேடல். இதில்தான் கவனம் வேண்டும். வேர்ட்பிரஸின் சாதாரணத் தேடல் தலைப்பையும் சுருக்கத்தையும் விவரத்தையும்தான் பார்க்கும். நீங்கள் ‘பண்பு’களாகப் போடும் செய்பொருள், ஊர், பயன் ஆகியவற்றைப் பார்க்காது. வடிகட்டியில் பனையோலையைத் தொட்டால் எல்லாம் வரும், தேடல் பெட்டியில் எழுதினால் வராது. ரெலவன்சி என்ற பிளகினைப் போட்டால் பண்புகளையும் சேர்த்துத் தேடும். ஒத்த சொற்களையும் அதில் கொடுக்கலாம். தமிழ்நாட்டுப் பிள்ளை ‘முறம்’ என்று தேடினால் உங்கள் சுளகு வரும். பொருளின் தலைப்பில் வேற்றுமை உருபு இல்லாமல் ‘கடகம்’ என்று நேராக வையுங்கள். விவரத்தில் ‘கடகத்தில் நெல் அள்ளி’ என்று மட்டும் எழுதியிருந்தால் ‘கடகம்’ என்ற தேடலில் அது அகப்படாது.

இன்னொன்று, பக்க முகவரி. தமிழில் தலைப்பிட்டால் முகவரியும் தமிழில் அமையும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும், வேர்ட்பிரஸோ 200 எழுத்தோடு வெட்டிவிடும். நீண்ட தலைப்புகள் நடுவில் அறுந்துபோகும், வட்ஸ்அப்பில் பகிர்ந்தாலும் ஒரு முழப் புழுவாக நீளும். பதிவிலக்கத்தையே முகவரியாக வையுங்கள்.

---

நூலறை:

ரீச்சர், நான் நூலகத் துறையில் இருப்பவன், ஆகவே எதிர்ப்பக்கம் பேசவேண்டியிருக்கிறது. இதற்கென்றே உள்ள மென்பொருள் ஒமேகா. அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலுள்ள வரலாற்று மையம் 2008இல் வெளியிட்டது, இலவசம். வேர்ட்பிரஸ் ஓடுகிற சாதாரண வாடகைச் சேர்வரிலேயே பெரும்பாலும் ஓடும். பொருள் விவரங்களை டப்ளின் கோர் என்ற 15 புலங்களில் பதியலாம். அருங்காட்சியகங்களும் நூலகங்களும் பேசும் பொதுமொழி அது. கூடை என்ற ஒன்றே அதில் கிடையாது, கழற்றவும் தேவையில்லை. புத்தகங்களுக்கு என்றால் கோஹா என்ற நூலக மென்பொருளைச் சொல்லியிருப்பேன், ஆனால் உறிக்கும் நுகத்துக்கும் அது பொருந்தாது, பராமரிக்கவும் ஆள் வேண்டும்.

---

குளக்கட்டு:

இருவருக்கும் நன்றி. தம்பி வவுனியா, வெறும் விலைப் பெட்டி வேலை செய்கிறது. பிள்ளை இன்று காலை எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள்.

நூலறை ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் இங்கே இதைப் பார்க்கப்போவது அந்தப் பிள்ளையும் அவளுக்குப் பின்னால் வரும் இன்னொரு பிள்ளையும்தான். வூகொமர்ஸ் தெரிந்தவர்கள் ஊரில் உண்டு, கடைகளுக்குச் செய்து பிழைக்கிறார்கள். ஒமேகா தெரிந்தவர்களை நான் எங்கே தேடுவேன்? பழுதுபட்ட அன்றைக்குத் திருத்த ஆளில்லாத நல்ல மென்பொருளைவிட, ஆளுள்ள இது எங்களுக்குப் பாதுகாப்பு என்று படுகிறது.

---

நூலறை:

ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் ஒரு நிபந்தனை மட்டும். மூலப் பட்டியல் எக்செலில் இருக்கட்டும், தளம் அதன் நகலாக இருக்கட்டும். அந்த 15 புலங்களில் உங்களுக்குத் தேவையானவற்றைப் பத்திகளின் தலைப்பாக வைத்து, இரவல் தந்தவரின் பெயரையும் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையையும் தனிப் பத்தியில் எழுதுங்கள். எக்செல் பட்டியலைச் சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பாகச் சேமிக்கலாம், வூகொமர்ஸிலேயே அதை உள்வாங்கும் வசதி உண்டு, அந்தத் தனிப் பத்தியை விட்டுவிட்டு மிச்சத்தை ஏற்றலாம். பத்து வருடம் கழித்து எந்த மென்பொருளுக்கு மாறினாலும் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். பதிவிலக்கத்தைப் பொருளில் பசையால் ஒட்டவேண்டாம், நூலில் கட்டிய அட்டையாகத் தொங்கவிடுங்கள்.

---

பரந்தன்சந்தி:

ரீச்சர், எக்செல் என்றதும் எழுதத் தோன்றியது. கிளிநொச்சியில் தட்டச்சு வேலை செய்கிறேன். உங்கள் பழைய பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறதா? எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் இன்னமும் பாமினிதான். அதை அப்படியே ஏற்றினால் தளத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். முதலில் எல்லாக் கருவிக்கும் பொதுவான யுனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றவேண்டும், மாற்றின பிறகு வரிவரியாக ஒருவர் வாசித்துப் பார்க்கவேண்டும்.

அதற்குப் பிறகும் ஒரு பொறி இருக்கிறது. ‘கொத்து’ என்பதில் உள்ள ‘கொ’வை யுனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலும் ஒரே குறியாக வருவது ஒன்று, கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியாக வருவது மற்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணனிக்கு வேறு வேறு. பட்டியலில் ஒரு விதமும் தேடுகிறவரின் போனில் மற்ற விதமும் இருந்தால் கொத்து அகப்படாமல் போகக்கூடும். ‘கோ’வுக்கும் இதே கதை. மாற்றிகள் சில இரண்டு குறியாகத்தான் தருகின்றன. எல்லாவற்றையும் ஒற்றைக் குறியாக்க ஒரு வழி இருக்கிறது, என்எஃப்சி என்று சொல்வார்கள், ஏற்றுமுன் கோப்பு முழுவதையும் ஒருமுறை அதற்குள்ளால் விடவேண்டும். எக்செலில் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதைத் தெரிவு செய்யுங்கள், வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும்.

கோப்பை எனக்கு அனுப்புங்கள், நான் மாற்றித் தருகிறேன். காசு வேண்டாம்.

---

வவுனியாவெப்:

பரந்தன் அண்ணை சொன்னது நூறு வீதம் சரி. தளத்தில் தேடுபவர் அடிப்பதையும் அதே வடிவத்துக்கு மாற்ற ஒரு சின்னத் துண்டு எழுதித் தருகிறேன்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுகளுக்குப் போய் போனால் படம் எடுக்கிறீர்கள் என்றால், முதலில் கமராவில் இடப்பதிவை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வீடு எங்கே இருக்கிறது என்பது படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். படத்தின் அகலத்தை 1200 அளவுக்குக் குறைத்து ஏற்றினால் பிள்ளைகளின் டேட்டாவும் மிஞ்சும்.

---

குளக்கட்டு:

இடப்பதிவு பற்றி நல்ல நேரத்தில் சொன்னீர்கள் தம்பி, இனி வீடுகளுக்குப் போகும் பிள்ளைகளிடம் முதல் வேலையாக அதைச் சொல்கிறேன். பட்டியல் பாமினியில்தான் இருக்கிறது. பரந்தன் அண்ணை, நாளைக்கு அனுப்புகிறேன்.

பிள்ளை அமைப்புகளைத் துருவியபோது இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். வாங்கினவர்கள் கருத்துச் சொல்லும் பகுதியில் நட்சத்திர மதிப்பீட்டை மட்டும் நிறுத்திவிட்டுக் கருத்துகளை வைத்திருக்க முடிகிறது. வாங்கினவர்கள் மட்டும்தான் எழுதலாம் என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டோம். அந்தப் பகுதிக்கு ‘இந்தப் பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது’ என்று பெயர் வைத்தோம். நாங்கள் பார்த்து அனுமதித்த பிறகுதான் கருத்து தெரியும். கனடாவிலிருக்கும் ஒரு ஐயா அதற்குள்ளேயே பட்டைக்கு எழுதியிருக்கிறார், ஓலை எந்தப் பருவத்தில் வெட்டுவது, ஈர்க்கை எப்படி மடிப்பது என்று ஒரு பக்கம். இப்படி எழுதுபவை தேடலில் அகப்படுமா, அல்லது நாங்கள் எடுத்து விவரத்துக்குள் போடவேண்டுமா?

---

வவுனியாவெப்:

சாதாரணத் தேடலில் அகப்படாது. ரெலவன்சியில் கருத்துகளையும் சேர்த்து அட்டவணையாக்கும் தெரிவு இருக்கிறது, அதைத் தட்டிவிட்டு அட்டவணையை மறுபடி கட்டுங்கள். ஆனாலும் இந்த ஐயா எழுதியது போன்றவற்றை அவரிடம் கேட்டு, அவர் பெயரோடு விவரத்துக்குள்ளும் மூலப் பட்டியலுக்குள்ளும் போட்டுவிடுவதே நல்லது ரீச்சர்.