911 கரேரா 3.2: முன்பக்கத்தை இறக்கப் போய் இடது பக்கம் மட்டும் தாழ்ந்துவிட்டது

செம்மண்87

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். போன வருஷம் 1987 போர்ஷே 911 கரேரா 3.2 வாங்கினேன். அமெரிக்கச் சந்தைக்கு வந்த வண்டி. 16 இன்ச் ஃபுக்ஸ் வீல், டயர் முன்னால் 205/55, பின்னால் 225/50. சின்ன வயதில் சுவரில் ஒட்டி வைத்திருந்த அதே வடிவம், அதே சிவப்பு. ஆனால் முன்பக்கம் மட்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. முன் டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் நாலு விரலும் தாராளமாகப் போகும்.

தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். இடது 678 மி.மீ., வலது 667. இடதுதான் உயரம் என்று முடிவு செய்து, சனிக்கிழமை முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, இடது டார்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கி வண்டியைத் தாங்கும் கம்பி) ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தினேன். இறக்கி அளந்தால் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. இன்னும் இரண்டு சுற்று. 3 மி.மீ. இறங்கியது. மறுபடியும் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை நைல்ஸ் கேன்யன் வழியாக சுனோல் வரை போய் வந்தேன். வந்து அளந்தால் இடது 653! மொத்தம் 25 மி.மீ. கீழே. ஸ்டீயரிங் நேராக இல்லை. ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தியபோது இடது முன் சக்கரம் ஒரு கணம் அப்படியே பூட்டிக்கொண்டு கீச்சிட்டது. பயந்துவிட்டேன்.

ஒரு கடையில் கேட்டதற்கு, டார்ஷன் பார் தளர்ந்துபோயிருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். உண்மையா?

பின்எஞ்சின்

தம்பி, முதலில் ஒன்று. இதைச் சரி செய்கிற வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் கிடையாது. 911-இல் அது அடுத்த தலைமுறையான 964 வந்த பிறகுதான். பூட்டிய சக்கரம் ஈரச் சாலையில் உங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு தராது.

டார்ஷன் பாரை மாற்ற வேண்டாம். நான் 1983 911 எஸ்சி வைத்திருக்கிறேன், எட்டு வருஷத்தில் இந்த வேலையை மூன்று முறை செய்திருக்கிறேன். உங்கள் பாரில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. அளந்த இடமும் அளந்த நேரமும்தான் தவறு.

நேரத்தை முதலில் சொல்கிறேன். ஜாக்கியில் ஏற்றினால் சக்கரம் கீழே தொங்கும், தொங்கும்போது கொஞ்சம் உள்பக்கமாக வரும். இறக்கியதும் அது வெளியே விரிய வேண்டும். ஆனால் ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும், விடாது. அதனால் வண்டி பொய்யாக உயரத்தில் நிற்கும். நீங்கள் தளர்த்திய சுற்றுகள் எல்லாம் அப்போதே வேலை செய்துவிட்டன, சுனோல் போய் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தன. ஒவ்வொரு முறையும் இறக்கிய பின் வண்டியை முன்னும் பின்னும் நாலைந்து மீட்டர் உருட்டுங்கள், முன் பம்பரை அழுத்தி அழுத்தி விடுங்கள், முடிந்தால் தெருவை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வாருங்கள். அப்புறம் டேப்பை எடுங்கள்.

இனி இடம். மட்கார்டு விளிம்பை நம்பாதீர்கள். அது போல்ட் போட்டு மாட்டிய தகடு. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலான வண்டியில் யார் எப்போது கழற்றி மாட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்? தொழிற்சாலை முறை வேறு. சக்கரத்தின் மையம் தரையிலிருந்து எவ்வளவு என்று அளக்க வேண்டும். டார்ஷன் பாரின் மையம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 108 மி.மீ. வர வேண்டும், 5 கூடலாம், 5 குறையலாம். இடது வலது வித்தியாசம் 5-க்குள் இருக்க வேண்டும். இரண்டையும் அதே தரையிலிருந்து அளப்பதால் டயர் தேய்மானம், காற்றழுத்தம் எல்லாம் கழிந்துவிடுகிறது. இந்த அழகுக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

கழித்து வருகிற எண் பெரிதாக இருந்தால் வண்டி தாழ்வு, சிறிதாக இருந்தால் உயரம். இதில் குழம்பி எதிர்ப்பக்கம் திருப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோல் டேங்க் நிரம்பியிருக்கட்டும். 85 லிட்டர் டேங்க் உங்கள் முன் சக்கரங்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது, நிரம்பினால் 60 கிலோவுக்கு மேல். ஸ்டெப்னியும் டூல்ஸும் அதனதன் இடத்தில் இருக்கட்டும். வண்டிக்குள் யாரும் உட்கார வேண்டாம்.

அந்த ஸ்க்ரூவின் தலை 11 மி.மீ. கீழே படுத்துப் பார்த்தால் குறுக்குச் சட்டத்தை ஒட்டித் தெரியும், பெரும்பாலும் சேறு அப்பியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் மரையைத் துலக்கி, முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். முன்பக்கம் ஸ்டாண்டில் இருக்கும்போது, சுமை இல்லாமல்தான் திருப்ப வேண்டும். இறுக்கினால் வண்டி ஏறும், தளர்த்தினால் இறங்கும். தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துச் சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் கீழே படுக்காதீர்கள்.

ஸ்க்ரூவைத் தொடாமல் இப்போது இருப்பதை அப்படியே அளந்து போடுங்கள், பார்க்கலாம்.

செம்மண்87

மிக்க நன்றி அண்ணா. டேங்க் நிரப்பி, உருட்டிவிட்டு அளந்தேன்.

இடது: சக்கரம் 300, பார் 197. வித்தியாசம் 103.
வலது: சக்கரம் 301, பார் 215. வித்தியாசம் 86.

அப்படியென்றால் இடது சரியாகத்தான் இருக்கிறதா?

பின்எஞ்சின்

இருக்கிறது! தாழ்ந்துபோனது என்று நீங்கள் பயந்த பக்கம்தான் ஒழுங்கான பக்கம். வலதுதான் இன்னும் மேலே நிற்கிறது. அமெரிக்காவுக்கு வந்த 911-களை ஐரோப்பிய வண்டிகளைவிட உயரமாகவே வைத்து அனுப்பினார்கள், அதனால் 86 என்பதில் ஆச்சரியம் இல்லை. வலதை இறக்குங்கள். கடைசியில் அரைச் சுற்று, கால் சுற்று என்று போங்கள். ஒரு பக்கம் இறங்கும்போது மற்றப் பக்கமும் ஓரிரு மில்லிமீட்டர் நகரும், இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

வில்லோஸ்வளைவு

இடது சக்கரம் ஏன் பூட்டியது என்று யாரும் சொல்லவில்லையே. நான் தண்டர்ஹில் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவன், ஒவ்வொரு சீசனும் இதைத் தராசில் பார்க்கிறேன். சமமில்லாத தரையில் நாலுகால் நாற்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலைக் குறைத்தால் அந்தக் காலிலும் அதற்கு மூலைவிட்டமாக இருக்கும் காலிலும் பாரம் குறையும், மற்ற இரண்டு கால்களும் சுமக்கும். இடது முன்னைத் தனியாக இறக்கியதால் அந்தச் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்துவிட்டது. பாரம் இல்லாத டயர்தான் முதலில் பூட்டும்.

உயரம் சமமானாலும் பாரம் சமமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பின்பக்கம் ஏறுமாறாக இருந்தால் அதுவும் சேரும். நாலு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வைத்திருக்கிற இடத்துக்குக் கட்டாயம் போங்கள். அதன் பிறகுதான் அலைன்மென்ட். முந்தி செய்தால் காசு வீண், உயரம் மாறினால் டோவும் (சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு) கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) மாறிவிடும். ஹெட்லைட் குறியையும் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது அது மூக்கு தூக்கியிருந்த கணக்கில் இருக்கிறது.

வித்தியாசம் 108-ஐ வெகுவாகத் தாண்டும்படி வண்டியை இறக்க ஆசைப்படாதீர்கள். டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) சாய்ந்து, பள்ளத்தில் விழும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். அதைச் சமாளிக்க ஸ்டீயரிங் ரேக்குக்கு அடியில் ஸ்பேசர் கொடுக்க வேண்டியிருக்கும். தெருவில் ஓட்டுகிற வண்டிக்கு அது தேவையில்லை.

செம்மண்87

நேற்று முடித்தேன். ஏழு முறை ஏற்றி இறக்கினேன். இடது 106, வலது 109. மட்கார்டில் அளந்தால் இடது 650, வலது 644, இன்னும் 6 மி.மீ. வித்தியாசம். மட்கார்டை நம்பாதீர்கள் என்று அண்ணா சொன்னது இப்போது புரிகிறது. இடது மட்கார்டுக்குள் கைவிட்டுத் தடவினால் ஒரு போல்ட்டுக்கு அடியில் பழைய பெயின்ட் உரிந்திருக்கிறது, யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை தராசுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், அலைன்மென்ட்டும் அங்கேயே. அதுவரை வண்டி கராஜில்தான். நாலு பாரத்தையும் வந்து எழுதுகிறேன்.